ஒரே நோயாளி, இரண்டு அறிக்கைகள்: ஹார்மோன் ஏற்பிச் சோதனையைப் புரிந்துகொள்வோம்

தேவாரத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தது. ஐம்பது வயதைக் கடந்த தாய், அவருடைய மகள், மருமகன். தாய் பல ஆண்டுகளாக விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று வந்தவர். மார்பில் கட்டி தென்பட்ட பின்னும், அறுப்பு முடியட்டும், மழை முடியட்டும் என்று சில மாதங்களைத் தள்ளிப்போட்டவர். பிறகு வெளியூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் அறுவை நடந்தது. அதன்பின் மேற்சிகிச்சைக்காக எங்களிடம் வந்தார்கள். அவரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறோம்.

மகள் ஒரு துணிப்பையிலிருந்து இரண்டு அறிக்கைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். அறுவைக்குப் பின் அகற்றப்பட்ட மார்பகத்தைச் சோதித்த அறிக்கை, 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எதிர்மறை' என்றது. அறுவைக்கு முன்பு ஊசி வழியாக எடுத்த சிறு திசுவை, எங்கள் வேண்டுகோளின்பேரில் மீண்டும் சோதித்த அறிக்கை, 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நேர்மறை' என்றது. நோயாளி ஒருவர், கட்டியும் ஒன்று, விடைகளோ இரண்டு.

"இதுல எதுங்கய்யா நெசம்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவருக்கு மட்டுமன்று, அறிக்கைத் தாளில் 'ஈ.ஆர்.', 'பி.ஆர்.' என்ற எழுத்துகளைப் பார்த்துப் பொருள் விளங்காமல் வீடு திரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்த விடை தேவைப்படுகிறது. ஏனெனில் அந்த இரண்டு எழுத்துகளைப் பொறுத்தே, ஒரு பெண் அடுத்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்வாரா, மாட்டாரா என்பது முடிவாகிறது.

ஏற்பி என்பது என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு மடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலில் முல்லைப் பெரியாற்று நீர் ஓடினாலும், வயலுக்கு மடை இருந்தால்தான் நீர் உள்ளே பாயும். பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், வாய்க்கால் நீரைப் போல இரத்தத்தில் எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த உயிரணுவில் அதனை ஏற்கும் புரதம் இருக்கிறதோ, அந்த உயிரணு மட்டுமே அதன் கட்டளைக்கு வளரும். அந்தப் புரதமே ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உயிரணுவின் கருவுக்குள் இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்களுள் பல, இந்த மடை வழியாகவே தமக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெறுகின்றன. அவற்றையே 'ஹார்மோன் ஏற்பி நேர்மறை' நோய் என்கிறோம். டாமோக்சிஃபென் என்ற மாத்திரை மடைவாயை அடைக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அளிக்கப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்றவை, நீர் வரத்தையே தலைமடையில் குறைக்கின்றன. மடையே இல்லாத வயலுக்கு இவற்றால் பயனில்லை. அத்தகைய நோய்க்கு வேறு சிகிச்சைகள் உண்டு.

புரோஜெஸ்டிரோன் ஏற்பி என்பது இரண்டாவது புரதம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நன்றாகச் செயல்படும்போது, அதன் தூண்டுதலால் பெரும்பாலும் இது உருவாகிறது. மடை வழியே நீர் பாய்ந்ததற்கு வயலில் நிற்கும் பச்சைப் பயிர் சாட்சி என்பதுபோல, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உயிர்ப்புடன் இருப்பதற்குப் புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஒரு சாட்சி. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு புதிரை அவிழ்க்க இது உதவும்.

இதில் பெறுவது சிறிதன்று. ஏற்பி நேர்மறையான தொடக்கநிலை நோயில் ஐந்து ஆண்டுகள் டாமோக்சிஃபென் உட்கொண்டால், மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வீதம், பதினைந்து ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவு இது. ஏற்பி இல்லாத நோயில் அந்த மாத்திரை ஏறத்தாழ எந்தப் பயனும் தரவில்லை என்பதையும் அதே தொகுப்பு காட்டியது. ஆகவே 'நேர்மறை' என்பதைத் தவறாக 'எதிர்மறை' என்று எழுதினால், விலை குறைந்ததும் எளிதில் கிடைப்பதுமான ஒரு பாதுகாப்பை ஒரு பெண் இழக்கிறார். 'எதிர்மறை' என்பதைத் தவறாக 'நேர்மறை' என்று எழுதினால், பயனற்ற மாத்திரையை நம்பி, தேவையான சிகிச்சையைத் தவறவிட நேரலாம்.

சோதனை இல்லாத காலம்

1896இல் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்ணின் சினைப்பைகளை அகற்றியபோது நோய் சுருங்கியதை 'லான்செட்' இதழில் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது தோன்றவில்லை. அவருக்குப் பின் பலர் அந்த அறுவையைச் செய்தனர். சிலருக்கு நோய் அடங்கியது; பலருக்கு அடங்கவில்லை. யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால், பயன்பெறாத பெண்களும் அறுவையின் துன்பத்தை ஏற்க வேண்டியிருந்தது.

ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில் விடை காணத் தொடங்கினார். ஈஸ்ட்ரோஜனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, அது உடலில் எங்கே தங்குகிறது என்று அவர் பின்தொடர்ந்தார். கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் அதனைப் பிடித்து வைத்துக்கொண்டன, மற்றவை விட்டுவிட்டன. பிடித்து வைப்பதற்கு அங்கே ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்ற முடிவிலிருந்து, ஏற்பி என்ற கருத்து உறுதிபெற்றது. அடுத்த கேள்வி எளியது: ஒரு பெண்ணின் கட்டியில் அந்த ஏற்பி இருக்கிறதா என்று அளந்து பார்த்தால் என்ன?

முதல் முறை: கரித்தூளும் கதிரியக்கமும்

1970களிலும் 1980களிலும் உலகெங்கும் பயன்பட்ட முறை இது. அறுவையில் எடுத்த கட்டியின் ஒரு பகுதியை உடனே உறையவைக்க வேண்டும். ஏற்பிப் புரதம் வெப்பத்தில் விரைந்து சிதையும் என்பதால், திரவ நைட்ரஜன் அருகிலேயே இருக்க வேண்டும். பிறகு உறைந்த திசுவைப் பொடியாக்கிக் கரைசலாக்கி, அதிவேகமாகச் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரிப்பார்கள். அதில் கதிரியக்க ஈஸ்ட்ரோஜனைக் கலப்பார்கள். ஏற்பி இருந்தால் அதனோடு ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சிய ஹார்மோனை, டெக்ஸ்ட்ரான் பூசிய கரித்தூள் உறிஞ்சிக்கொள்ளும். கரித்தூளை நீக்கிய பின் எஞ்சும் கதிரியக்கத்தை எண்ணினால், ஏற்பியின் அளவு தெரியும்.

விடை ஓர் எண்ணாகக் கிடைக்கும்: ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை ஃபெம்டோமோல். ஒரு மோல் என்ற வேதியியல் அளவைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்கே ஃபெம்டோமோல். பல ஆய்வகங்கள் 10 ஃபெம்டோமோலை எல்லையாகக் கொண்டன. வேறு சில, அதைவிடக் குறைந்த அல்லது கூடிய எல்லையை வகுத்துக்கொண்டன.

இந்த முறையின் பெருமையை மறுக்க இயலாது. ஏற்பி உள்ள கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஹார்மோன் சிகிச்சைக்கு இணங்குகின்றன, இல்லாதவற்றிலோ பத்தில் ஒன்றுகூட இணங்குவதில்லை என்பதை 1970களின் நடுவில் உலகுக்குக் காட்டியது இதுவே. சான் அன்டோனியோவில் வில்லியம் மெக்குவயரும் அவருடைய குழுவினரும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் சேர்த்து அளக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். ஏற்பி இருக்கிறது என்பதோடு, அது ஹார்மோனைப் பிடிக்கும் திறனோடு இருக்கிறது என்பதையும் இச்சோதனை காட்டியது.

குறைகளும் இருந்தன. முதலாவது, நிறையத் திசு வேண்டும். சிறிய கட்டிகளுக்கு இது பொருந்தாது. இரண்டாவது, திசுவை அரைத்துவிடுவதால், எதை அளக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்க இயலாது. புற்றுத் திசுவோடு கொழுப்பும் நாரும் அதிகம் கலந்திருந்தால், அளவு குறைந்து தவறாக எதிர்மறை வரும். அருகிலிருந்த இயல்பான பால்நாளங்கள் கலந்திருந்தால், அவற்றின் ஏற்பி கணக்கில் சேர்ந்து தவறாக நேர்மறை வரும். மூன்றாவது, மாதவிலக்கு நிற்காத பெண்ணின் உடலில் உள்ள ஈஸ்ட்ரோஜனோ, அவர் முன்பே உட்கொண்ட டாமோக்சிஃபெனோ ஏற்பியில் ஏற்கெனவே அமர்ந்திருந்தால், கதிரியக்க ஹார்மோனுக்கு இடம் இருக்காது; இருக்கும் ஏற்பியும் கணக்கில் வராமல் போகும். நான்காவது, திரவ நைட்ரஜனும், அதிவேகச் சுழற்சிக் கருவியும், கதிரியக்கப் பொருளைக் கையாளும் வசதியும் பெருநகரங்களின் சில நிலையங்களில் மட்டுமே இருந்தன. தேவாரத்திலோ உத்தமபாளையத்திலோ அகற்றப்படும் ஒரு கட்டிக்கு இந்தச் சோதனை எட்டாக்கனியே.

இரண்டாம் முறை: எதிர்ப்புரதமும் பழுப்பு நிறமும்

1975இல் கோலரும் மில்ஸ்டைனும், ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதங்களை ஆய்வகத்தில் வளர்க்கும் வழியைக் கண்டறிந்தனர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பிடிக்கும் அத்தகைய எதிர்ப்புரதங்களை, ஜென்சனின் சிகாகோ குழுவில் ஜெஃப்ரி கிரீன் 1980இல் உருவாக்கினார். இதனால் திசுவை அரைக்காமலே ஏற்பியைக் காணும் வழி பிறந்தது. இதுவே இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அறிக்கைகளில் சுருக்கமாக ஐ.எச்.சி. என்று காண்பீர்கள்.

தொடக்கத்தில் இதற்கும் உறைந்த திசுவே தேவைப்பட்டது. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து மறைந்துவிடுவதால், எதிர்ப்புரதத்தால் அவற்றைக் கண்டுகொள்ள முடியவில்லை. திசுச் சீவலை உப்புக் கரைசலில் வைத்துச் சூடாக்கினால் மறைந்த புரதம் மீண்டும் வெளிப்படும் என்று 1991இல் வெளியான கண்டுபிடிப்பு, நிலைமையை மாற்றியது. இன்றும் பல ஆய்வகங்களில் இந்தப் படிக்கு நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்ற குக்கரையே பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால் வியப்பீர்கள்.

இப்போது நடப்பது இதுதான். கட்டியின் திசு ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, தீப்பெட்டியினும் சிறிய மெழுகுத் துண்டில் பதிக்கப்படுகிறது. இதனையே 'பிளாக்' என்கிறோம். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் பருமனில் ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிறார்கள். சூடாக்கி, எதிர்ப்புரதம் சேர்த்து, நிறமூட்டுகிறார்கள். ஏற்பி உள்ள உயிரணுக்களின் கரு பழுப்பாகத் தெரியும். இல்லாதவை நீலமாகவே இருக்கும். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் புற்றுநோய் உயிரணுக்களை மட்டும் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பழுப்பாயின, நிறம் எவ்வளவு அழுத்தம் என்று மதிப்பிடுகிறார்.

ஆல்ரெட் மதிப்பெண் என்று அறிக்கையில் காண்பது, இவ்விரண்டையும் கூட்டிய தொகை. நிறமேறிய உயிரணுக்களின் விகிதத்துக்கு 0 முதல் 5 வரையும், நிறத்தின் அழுத்தத்துக்கு 0 முதல் 3 வரையும் எண் தருவார்கள். மொத்தம் 8. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் நேர்மறை. பல நிலையங்கள் விழுக்காட்டை மட்டும் எழுதுகின்றன. அமெரிக்க நோயியல் மற்றும் புற்றுநோய் மருத்துவர்களின் அமைப்புகள் 2010இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, நூற்றில் ஒரு உயிரணு நிறமேறியிருந்தாலும் அது நேர்மறையே. 2020இல் அதனைத் திருத்தி, 1 முதல் 10 விழுக்காடு வரை உள்ளதைக் 'குறை நேர்மறை' என்று தனியே குறிப்பிடுமாறு கூறினர். அத்தகைய நோயில் மாத்திரையின் பயன் எவ்வளவு என்பதற்கான சான்று குறைவு என்பதே காரணம்.

இரண்டையும் எடைபோட்டால்

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளுள் பெரிதாக மதிக்கப்படுவது, 1999இல் ஹார்வி, கிளார்க், ஆஸ்போர்ன், ஆல்ரெட் ஆகியோர் வெளியிட்டது. 1,982 பெண்களின் கட்டிகளில் இரு சோதனைகளும் செய்யப்பட்டன. பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒரே விடையைத் தந்தன. ஆனால் ஹார்மோன் சிகிச்சை பெற்ற பெண்களுள் யார் நலமுடன் இருப்பார்கள் என்பதை, கரித்தூள் முறையினும் நிறமூட்டும் முறையே நன்றாக முன்னறிவித்தது. செலவும் குறைவு, சிறு திசுவும் போதும், கண்ணாலும் பார்க்கலாம் என்ற நன்மைகளோடு இதுவும் சேர்ந்ததால், பழைய முறை மெல்ல வழக்கொழிந்தது.

மூன்றாவதாக, ஏற்பியை உருவாக்கும் மரபணுச் செய்தியையே அளக்கும் முறைகளும் வந்துள்ளன. 21 மரபணுக்களை ஒருசேர அளக்கும் சோதனைகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் அளவும் ஒன்று. இவை பெரும்பாலும், நேர்மறை என்று உறுதியான பின், கீமோதெரபி தேவையா என்று முடிவெடுக்க உதவுகின்றன. செலவு மிகுதி. ஏற்பி உண்டா இல்லையா என்ற முதல் கேள்விக்கு, நிறமூட்டும் முறையே இன்றும் உலகெங்கும் அடிப்படை.

நம்மைப் போன்ற ஊர்களுக்கு இந்த மாற்றம் பெரிய வரம். மெழுகுத் துண்டுக்கு நைட்ரஜன் வேண்டாம். பேருந்தில் மதுரைக்கு எடுத்துச் செல்லலாம். பல ஆண்டுகள் கழித்தும் சோதிக்கலாம். ஆனால் ஒரு பழைய ஆபத்து நீங்கியபோது ஒரு புதிய ஆபத்து நுழைந்தது. எங்கும் செய்ய இயலும் சோதனை, எங்கும் தவறாகச் செய்ய இயலும் சோதனையாகவும் ஆயிற்று.

தவறு எங்கே நுழைகிறது?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாநிலத்தில் நடந்ததை மருத்துவ உலகம் மறக்கவில்லை. அங்கே 2005இல், பெரும்பாலும் நேர்மறையாகவே இருக்கக்கூடிய ஒரு வகைப் புற்றுநோய் கொண்ட பெண்ணுக்கு 'எதிர்மறை' என்று வந்திருந்த விடையை மருத்துவர்கள் ஐயுற்று மீண்டும் சோதித்தனர். விடை மாறியது. 1997 முதல் 2005 வரை எதிர்மறை என்று சொல்லப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் திசுக்கள் டொரண்டோ நகருக்கு மறுசோதனைக்கு அனுப்பப்பட்டன. முந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் விடை மாறியது. அவர்களுள் பலர் அதற்குள் இறந்திருந்தனர். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, 2009இல் அறிக்கை அளித்தது. தரக் கட்டுப்பாடு இல்லாமையே அதில் தெரிந்த பெருங்குறை.

நம் நாட்டிலும் ஒரு புதிர் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் நோயியல் மருத்துவர்கள் 798 கட்டிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நேர்மறையானவை ஏறத்தாழ 33 விழுக்காடு. புரோஜெஸ்டிரோன் ஏற்பி நேர்மறையானவை ஏறத்தாழ 46 விழுக்காடு. மேலைநாடுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட கட்டிகளில் காணப்படுகிறது. நம் பெண்களின் நோயே வேறு வகையானதா? ஓரளவு உண்மைதான், இளவயதில் நோய் வருவோரின் பங்கும், முற்றிய நிலையில் வருவோரின் பங்கும் இங்கே கூடுதல். ஆனால் முன்பு சொன்ன சாட்சியை நினைத்துப் பாருங்கள். மடை இல்லாத வயலில் பயிர் மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கும்? ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைவிடப் புரோஜெஸ்டிரோன் ஏற்பி அதிகமாகத் தென்படுவது, மடை இருந்தும் நாம் காணத் தவறுகிறோமோ என்ற ஐயத்தை எழுப்பியது. இந்திய நோயியல் மருத்துவர்களே அந்த ஐயத்தை வெளிப்படையாக எழுதினர். திசுவைப் பதப்படுத்துவதிலும், சூடாக்கும் படியிலும், எதிர்ப்புரதத் தேர்விலும் கவனம் கூடிய பின், நாட்டின் பெரிய நிலையங்களிலிருந்து வந்த ஆய்வுகளில் நேர்மறை விழுக்காடு பாதியை ஒட்டியோ தாண்டியோ உயர்ந்தது. தம் அளவுகோலையே ஐயுற்றுச் சரிசெய்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

தவறு பெரும்பாலும் நுண்ணோக்கியின் அடியில் நிகழ்வதில்லை. அறுவை அரங்கின் வாசலில் தொடங்குகிறது. அகற்றிய திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினை அடைய வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் இருக்க வேண்டும். ஃபார்மலின் 10 விழுக்காட்டுச் செறிவில், அமிலத்தன்மை சமன்செய்யப்பட்டதாக, திசுவைப்போல் பத்து மடங்கு அளவில் இருக்க வேண்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மிக மெதுவாகவே ஊடுருவும். முழு மார்பகத்தைக் கீறாமல் ஒரு சிறிய புட்டியில் அடைத்துவிட்டால், வெளிப்புறம் பதமாகும். உள்ளே இருக்கும் கட்டியோ அழுகத் தொடங்கும். அழுகிய திசுவில் ஏற்பி இராது. அதனைச் சோதித்தால் வரும் விடை 'எதிர்மறை'.

அந்தத் தாயின் கேள்விக்கு

இரண்டு அறிக்கைகளையும், இரண்டு பிளாக்குகளையும், நிறமூட்டிய சில்லுகளையும் எங்கள் நோயியல் பிரிவினர் அருகருகே வைத்துப் பார்த்தனர். அறுவைத் திசுவின் சில்லில் புற்றுநோய் உயிரணுக்களில் நிறமில்லை. அதற்குப் பக்கத்திலேயே இயல்பான பால்நாளங்கள் இருந்தன. நலமான பால்நாளத்தின் உயிரணுக்களில் சிலவற்றிலாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும். சோதனை சரியாக நடந்திருந்தால் அவை பழுப்பாகியிருக்க வேண்டும். அவற்றிலும் நிறமில்லை. எடைபோடுமுன் தராசின் முள் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பதுபோல, நோயியல் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். முள் சாய்ந்த தராசில் நிறுத்த எடையை எடை என்று கொள்ள இயலாது. அந்த அறிக்கையில் 'எதிர்மறை' என்று எழுதியிருக்கக் கூடாது. 'மதிப்பிட இயலவில்லை' என்றே எழுதியிருக்க வேண்டும்.

மகளிடம் விசாரித்தபோது காரணம் விளங்கியது. அறுவை ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. மார்பகம் கீறப்படாமல் ஒரு புட்டியில் வைக்கப்பட்டு, திங்கட்கிழமைதான் ஆய்வகத்தை அடைந்தது.

ஊசித் திசுவின் நிலை வேறு. நூல்போன்ற மெல்லிய துண்டு, எடுத்த நொடியிலேயே ஃபார்மலினில் விழுந்திருந்தது. அதிலிருந்த இயல்பான நாளம் பழுப்பாகத் தெரிந்தது. புற்றுநோய் உயிரணுக்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழுத்தமான பழுப்பு. புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் நேர்மறை. ஆகவே அவரிடம் நாங்கள் சொன்ன விடை: "அம்மா, ரெண்டாவதுதான் நெசம். மொதல்ல வந்தது தப்பான பதில் இல்ல. அது பதிலே இல்ல."

அந்த ஊசிச் சோதனையின் பிளாக்கைத் தேடிப் பெற்று வந்தவர் மகள்தான். 'பழையதுதானே, எதற்கு' என்று அவர் விட்டிருந்தால், தாய்க்கு அந்த மாத்திரை எழுதப்பட்டிருக்காது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து, அவர் இப்போது நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரை உட்கொண்டு வருகிறார்.

எல்லா எதிர்மறை அறிக்கைகளும் தவறானவை என்று இதனால் எவரும் எண்ணிவிட வேண்டாம். உண்மையிலேயே ஏற்பி இல்லாத நோய் நம் பகுதியில் குறைவன்று. அவர்களுக்குக் கீமோதெரபியே முதன்மையான துணை. மூன்றாவது சோதனையான ஹெர்-2 நேர்மறையாக இருந்தால் அதற்கெனத் தனி மருந்துகளும் உண்டு. ஐயம் எழ வேண்டிய இடங்கள் சில மட்டுமே: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எதிர்மறை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி நேர்மறை என்று வந்தால், மெதுவாக வளரும் முதல்தர நோய் அல்லது லோபுலர் வகை நோய் என்று எழுதிவிட்டு ஏற்பி எதிர்மறை என்றிருந்தால், இயல்பான நாளங்களின் நிறம் பற்றி ஏதும் குறிப்பிடாமல் எதிர்மறை என்றிருந்தால். இவற்றில் மறுசோதனை கேட்பது உங்கள் உரிமை. அதனை எந்த மருத்துவரும் தவறாக எண்ணார்.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

1. இயலுமானால் அறுவைக்கு முன்பே ஊசித் திசுச் சோதனை செய்து, அதிலேயே ஏற்பிச் சோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள். 'ஊசி குத்தினால் நோய் பரவும்' என்ற அச்சம் தேவையற்றது.

2. அறுவைக்கு நாள் குறிக்கும்போது, அகற்றும் திசு அன்றே நோயியல் ஆய்வகத்தை அடையுமா என்று கேளுங்கள். புட்டியை உங்களிடம் தந்து அனுப்பினால், வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். எடுத்த நேரம் புட்டியின்மேல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. அறிக்கையில் 'நேர்மறை', 'எதிர்மறை' என்ற சொல் மட்டும் போதாது. எத்தனை விழுக்காடு, எவ்வளவு அழுத்தம் அல்லது மொத்த மதிப்பெண் என்ன என்பதும் இருக்க வேண்டும்.

4. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற, இச்சோதனையை நாள்தோறும் செய்யும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எப்போதோ ஒருமுறை செய்யும் இடத்தில் கை பழகியிருக்காது.

5. பிளாக்குகளை எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். அவை மெழுகால் ஆனவை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். பெயரும் எண்ணும் எழுதிய உறையில், நகைபோல் காத்து வையுங்கள்.

6. நோய் மீண்டும் வேறிடத்தில் தோன்றினால், இயலுமானால் அந்த இடத்துத் திசுவிலும் ஏற்பியை மறுபடி சோதிக்க வேண்டும். சிலருக்கு ஏற்பியின் நிலை காலப்போக்கில் மாறுவதுண்டு.

7. மாத்திரை எழுதித் தரப்பட்டால், உடல் தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். உடல் சூடு, மூட்டு வலி போன்ற தொல்லைகள் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். மாற்று வழி உண்டு. மலைவேலைக்குச் செல்லும் நாட்களிலும் மாத்திரை கூடையில் இருக்கட்டும்.

சென்ற மாதம் அந்தத் தாய் தொடர்பரிசோதனைக்கு வந்திருந்தார். அவருடன் தேவாரத்திலிருந்து வேறொரு பெண்ணும் வந்திருந்தார். அதே ஜீப்பில் தோட்டத்துக்குச் செல்பவர். மார்பில் பத்து நாட்களாக ஒரு கட்டி தென்படுவதாகச் சொன்னார். "நான் பண்ணுன மாதிரி மழை முடியட்டும்னு இருக்காதன்னு சொல்லிக் கூட்டியாந்தேன்" என்றார் தாய். அன்றே ஊசிச் சோதனை செய்தோம். மெல்லிய திசுத் துண்டு ஃபார்மலினில் விழுந்த நேரத்தைச் செவிலியர் புட்டியின்மேல் எழுதினார்: காலை 11.10.